ஸ்வெட்டர் போட்ட மத்தியானம்

அத்தியாயம் 11

போன வாரம் இந்த வீட்டில் என்ன நடந்தது என்று கேட்டால், ஒரு போட்டோ நடந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வாரம் படிக்காமல் விட்டவர்களுக்காகக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் நம் பெண்ணுக்கு வீட்டில் வானொலி என்று பெயர். வாய் ஓயாததால் வந்த பெயர். வைத்தவர் சின்ன மாமா. பூமி சூடாகிக்கொண்டு வருவதைப் பற்றி அவள் போனில் ஒரு பக்கம் நடத்துகிறாள். கோடும் எண்ணுமாக அவள் போட்டுக்கொண்டிருந்த காலத்தில் அதைப் பார்த்தவர்கள் சொந்தக்காரர்களும், தூக்கம் வராத ஒரு சிநேகிதியும்தான். அந்தச் சொந்தக்காரர்களும் படிக்காமலே லைக் போடுகிறவர்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாவின் பழைய ஆல்பத்திலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டாள். சிவப்பு ஸ்வெட்டரில் ஆறு வயசு அம்மா. பக்கத்தில் பச்சை ஸ்வெட்டரில் பதினோரு வயசு சின்ன மாமா. இரண்டு பேரும் கையைக் கட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கிறார்கள். கீழே ஒரே ஒரு வரி எழுதினாள்: 'எங்க அம்மாவோட சின்ன வயசுல இந்த ஊர்ல குளிர்காலம்னு ஒண்ணு இருந்துச்சு.'

அவ்வளவுதான். பற்றிக்கொண்டது. முன்பின் தெரியாத பிள்ளைகளெல்லாம் தங்கள் வீட்டு ஆல்பத்தைக் குடைந்து, அப்பா போட்ட மப்ளர், அத்தை போர்த்திய கம்பளி என்று எடுத்துப் போட ஆரம்பித்தார்கள். அம்மா ஒரு பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். பல் பிடுங்க வந்தவர்கள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டே, "அந்தச் சிவப்பு ஸ்வெட்டர் நீங்கதானே" என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். அம்மா அந்த வாரம் முழுக்க நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு போனாள்.

அதற்கு மேல் ஒன்று. அறிவியல் கண்காட்சி நடத்துகிறவர்கள் அந்தப் படத்தை ஆள் உயரத்துக்கு அச்சடித்து வாசலில் வைக்க அனுமதி கேட்டிருந்தார்கள். திறப்பு விழாவில் வானொலி மேடையேறிப் பேச வேண்டுமாம். இன்று சாயங்காலத்துக்குள் பதில் சொல்லச் சொல்லியிருந்தார்கள். அப்பாவுக்கு இது எதுவும் சரியாகத் தெரியாது. லிஃப்ட் பொருத்தும் வேலையாக வெளியூர் போன மனிதர் இந்த அத்தியாயத்திலும் நாலாவது மாடியிலேயே நிற்கிறார்.

சரி, இன்றைய காலைக்கு வருவோம்.

வாசலில் சின்ன மாமாவின் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து, மூன்று தடவை குலுங்கி நின்றது. ஓட்டி வந்த பெண்ணிடம், "எதையும் தொடாம சும்மா உட்காருமா, அதுவும் ஒரு பாடம்தான்" என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே வந்தார்.

"ஏம்மா வானொலி, என்னை ஒரு வார்த்தை கேக்காம ஊர் பூரா அனுப்பிட்டியாமே?"

மாமாவிடம் இருப்பது பட்டன் போன். அதனால் உலகமே பார்த்து முடித்த பிறகுதான் அவருக்குச் செய்தி போய்ச் சேர்ந்திருக்கிறது.

"சிக்னல்ல நிக்கறப்ப அந்தப் பொண்ணுதான் காட்டினா. சார், இது நீங்களான்னு. பச்சை விழுந்ததுகூடத் தெரியாம பாத்துக்கிட்டே உட்காந்துட்டேன். பின்னாடி நின்னவன் எங்க பரம்பரையையே இழுத்துட்டான்."

அம்மா சிரித்துக்கொண்டே டீயை நீட்டினாள். "அந்தக் குளிரை நினைச்சா இப்பவும் எனக்கு உடம்பு சிலிர்க்குது சின்னண்ணா."

"எந்தக் குளிரு?"

"அதான், அந்த போட்டோ எடுத்த அன்னிக்கு."

மாமா டம்ளரை வாய்வரை கொண்டுபோனவர் அப்படியே நிறுத்தினார். "பாப்பா, விளையாடறியா? அன்னிக்கு வெயில் மண்டையைப் பிளந்துச்சு. அந்தப் பச்சை ஸ்வெட்டரைக் கழட்டறதுக்குள்ள எனக்குக் கண்ணைக் கட்டிடுச்சு. குழாயடியில உக்கார வெச்சு தலையில தண்ணி ஊத்தினாங்களே, மறந்துட்டியா?"

வானொலிக்கு அப்போது வாயில் பல் துலக்கும் பிரஷ். இந்தப் பெண் பேசாமல் இருந்த அபூர்வமான தருணங்களில் அது ஒன்று.

மாமா சொல்லிக்கொண்டே போனார். அவருக்கு அது வெறும் சிரிப்புக் கதை. பெரிய மாமா வேலைக்காகக் கடல் தாண்டிப் போன வருஷம். பனி பெய்கிற தேசத்தில் ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. முதல் சம்பளத்தில் அவர் அனுப்பிய பார்சலில் தம்பிக்கு ஒன்றும் தங்கைக்கு ஒன்றுமாக இரண்டு ஸ்வெட்டர். பிரித்ததும் வீடு முழுக்கப் புதுச் சோப்பு வாசனை. அதைப் போட்டுக்கொண்டு ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் பிள்ளை சந்தோஷப்படுவான் என்று அவர்களுடைய அப்பா நினைத்தார். வீட்டு வாசலுக்கு வந்து படம் எடுக்க ஸ்டூடியோக்காரருக்கு மத்தியானம்தான் ஒழிந்தது.

"குளிர்ற மாதிரி நில்லுங்கடான்னு அப்பாதான் சொன்னார். நாங்க கையைக் கட்டினோம். இன்னும் கொஞ்சம் நடுங்குங்கன்னார் ஸ்டூடியோக்காரர். அவர் சட்டையே முதுகோட ஒட்டியிருந்துச்சு."

"அந்த ஒரு தடவைதானே மாமா?" என்றாள் வானொலி, நுரையைத் துப்பிவிட்டு.

"ஒரு தடவையா? அந்தப் படத்தைப் பாத்துட்டு அண்ணன் உருகிட்டார். அடுத்த வருஷம் அடுத்த அளவுல ஸ்வெட்டர் வந்துச்சு. அதுக்கு ஒரு போட்டோ. அதுக்கு அடுத்த வருஷம் நீலம். எங்களுக்கு உடம்பு வளர வளர அவர் அனுப்பிக்கிட்டே இருந்தார், நாங்க வெயில்ல நின்னுக்கிட்டே இருந்தோம். போட்டோ முடிஞ்சா மறுபடி பெட்டிக்குள்ள. என்னோட பச்சையைப் பிரிச்சு சைக்கிள் துடைச்சேன். பாப்பா அவ பொம்மைக்கு மெத்தை போட்டா."

அம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் பொய் சொல்லல" என்றாள் மகளைப் பார்த்து. "எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு. சிவப்பு ஸ்வெட்டர். நாலு பித்தளைப் பொத்தான். கையைக் கட்டிக்கிட்டு சுவரோரமா நிப்பேன். பக்கத்துல சின்னண்ணன் நிக்கும்..."

சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்தினாள். அவள் சொன்னதெல்லாம் போட்டோவில் இருந்தது. போட்டோவுக்கு வெளியே அவளுக்கு ஒன்றுமே நினைவில் இல்லை. வருஷா வருஷம் ஆல்பத்தைப் புரட்டிப் புரட்டி, இல்லாத ஒரு குளிர்காலத்தையே அவள் வாழ்ந்து முடித்திருந்தாள். வானொலிக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் அம்மா சொன்ன கதைகளில் எத்தனை கதை குளிர்ந்தது என்று எண்ணினால் பாவமாக இருக்கிறது.

வாசலில் ஹார்ன் அடித்தது. சும்மா உட்காரும் பாடம் அந்தப் பெண்ணுக்கு முடிந்துவிட்டது போலிருக்கிறது. மாமா தான் போட்ட குண்டு எங்கே விழுந்தது என்று தெரியாமலே எழுந்து போனார்.

"அம்மா, நான் இதைத் திருத்தி எழுதணும்" என்றாள் வானொலி.

"எதை?"

"போட்டோவை. குளிர் இல்ல, வெயில்தான்னு சொல்லணும். தப்புன்னு தெரிஞ்ச பிறகும் அப்படியே விட்டா அது பொய் ஆயிடும்."

அம்மா எழுந்து சமையலறை ஜன்னலைச் சாத்தினாள். எதிர்வீட்டுக்குக் கேட்கக் கூடாத விஷயம் என்றால் அவள் முதலில் செய்வது அதுதான்.

"பெரியண்ணனுக்குத் தெரியாதுடி."

"என்ன தெரியாது?"

"எதுவுமே. நாங்க ரெண்டு பேரும் அவர் ஸ்வெட்டர்ல கதகதப்பா வளந்தோம்னு நாப்பது வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்கார். அவருக்குன்னு அங்க என்ன இருக்கு? கல்யாணம் இல்ல, குழந்தை இல்ல. ரொட்டிச் சூளைக்கு முன்னாடியே ஆயுசு போயிடுச்சு. அந்த ஸ்வெட்டர்தான் அவர் எங்களுக்குச் செஞ்சது. அதையும் போய், நாங்க சைக்கிள் துடைச்சோம்னு ஊரைக் கூட்டிச் சொல்லணுமா?"

"அதுக்காக இத்தனை பேரை ஏமாத்த முடியுமா?"

"அந்த இத்தனை பேர் யாருடி? அவர் என் அண்ணன்."

கடைசியில் அம்மாதான் இறங்கி வந்தாள். மத்தியானத்துக்குள் தானே போன் போட்டு அண்ணனிடம் சொல்லிவிடுவதாகவும், அதுவரை வானொலி எதையும் தொடக் கூடாது என்றும் ஒப்பந்தம் ஆயிற்று.

கல்லூரி நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே இடம் பிடித்து உட்கார்ந்த வானொலிக்குப் புத்தகத்தில் ஒரு வரிகூட ஓடவில்லை. போனை எடுத்தாள். யாரோ ஒருவன் போட்டோவைப் பெரிதாக்கி வட்டம் போட்டிருந்தான்.

'நிழலைப் பாருங்க. காலடியிலயே சுருண்டு கிடக்கு. உச்சி வெயில். பையன் நெத்தியில வேர்வை மின்னுது. ரெண்டு பேரும் செருப்புகூடப் போடல. இதுதான் குளிர்காலமா?'

அதற்குக் கீழே வரிசையாக நின்றார்கள். பூமி சூடாகிறது என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இப்படித்தான், போட்டோவைக் காட்டிக் காட்டியே ஏமாற்றுகிறவர்கள் என்று ஒருவர். எங்கள் ஊரில் எப்போதும் வெயில்தான், இதெல்லாம் கட்டுக்கதை என்று இன்னொருவர். 'அந்த அக்கா சொல்றது பொய்யா இருக்காது' என்று ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் தனியாக நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். அந்தப் பெண்ணைப் பார்த்தபோதுதான் வானொலிக்கு அழுகை வந்தது.

வெட்கமாகவும் இருந்தது. ஒரு நாள் வேர்ப்பதும் நடுங்குவதும் வானிலை. காலநிலை என்பது முப்பது நாற்பது வருஷத்தைச் சேர்த்து வைத்துப் பார்க்கிற சமாசாரம். இதை இவள்தான் எல்லாருக்கும் பாடம் எடுத்தாள். தன் வீட்டுப் போட்டோ என்றதும் எல்லாம் மறந்து போயிற்று.

கணினியைத் திறந்து வானிலை நிலையத்தின் பழைய பதிவுகளைத் தேடினாள். அம்மாவுக்கு ஆறு வயசான வருஷம். அன்றைய மத்தியான வெயிலுக்கும் இன்றைக்கு அடிக்கிற வெயிலுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாமா சொன்னது சரி. ஆனால் இராத்திரிகளும் விடியற்காலைகளும் அப்படி இல்லை. வருஷத்துக்கு வருஷம் ஒரு கோடு, யாரும் கவனிக்காதபடி, அவசரப்படாமல் மேலே ஏறிக்கொண்டிருந்தது. உண்மை அங்கே இருந்தது. அதை யாரும் போட்டோ எடுத்து ஆல்பத்தில் ஒட்டி வைக்கவில்லை.

இதே கோட்டை அவள் போன வருஷமே போட்டிருந்தாள். படிக்காமல் லைக் போடும் பெரியப்பா அதற்கும் ஒரு பூங்கொத்து அனுப்பியிருந்தார்.

அங்கே பல் ஆஸ்பத்திரியில், சாப்பாட்டு நேரத்தில், அம்மா அச்சு வார்த்த பல் வரிசைகள் அடுக்கியிருக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சுற்றிலும் வெள்ளை வெள்ளையாகப் பற்கள். அவளைத் தவிர அறையில் எல்லாம் சிரித்துக்கொண்டிருந்தன.

"அண்ணா, நான்தான்."

"பாப்பா, நானே கூப்பிடணும்னு இருந்தேன்" என்றார் பெரிய மாமா. குரலில் இருபது வயசு குறைந்திருந்தது. "அந்தப் படத்தைப் பெருசா அச்சடிச்சு எங்க கட்டடத்துல கீழ ஒட்டியிருக்காங்க. துணி துவைக்கற மெஷின் இருக்கற எடத்துல. எல்லாரும் அங்கதானே வரணும். நான் போய்ப் பக்கத்துல நிக்கறேன். என் தம்பி, என் தங்கச்சி, அது நான் அனுப்பின ஸ்வெட்டர்னு சொல்றேன். இத்தனை வருஷமா என் பேரு தெரியாதவங்கள்லாம் வந்து கை குடுக்கறாங்க."

"அப்படியாண்ணா."

"ஒண்ணு கேக்கணும். கேக்கணும் கேக்கணும்னு இத்தனை வருஷம் போயிடுச்சு. கடையில தொட்டுப் பாக்கறப்பவே அந்தச் சிவப்பு கொஞ்சம் முரடா இருந்துச்சு. வேற வாங்கலாம்னா கையில அதுக்குமேல இல்ல. கழுத்துல குத்துச்சா பாப்பா?"

அம்மா ஜன்னலைப் பார்த்தாள். எதிரே அலமாரியில் யாருடைய கடைவாய்ப் பல்லோ.

"இல்லண்ணா. பூ மாதிரி இருந்துச்சு."

ஒப்பந்தம் அத்தோடு முடிந்தது. ஒரு பொய்யைச் சொல்லித் தீர்க்கப் போனவள் இன்னொன்றைச் சேர்த்து வைத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு வந்த மூன்று பேருக்கு மாற்றி மாற்றி நேரம் குறித்துக் கொடுத்து, டாக்டரிடம் பேச்சும் வாங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்த அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே வானொலிக்குப் புரிந்துவிட்டது.

"சொல்லல."

"முடியலடி."

வானொலி கோபப்படவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்தப் பள்ளிக்கூடத்துப் பெண் எழுதியதை மட்டும் காட்டினாள். இன்னும் அவள் தனியாகத்தான் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். இப்போது அவளையும் பொய்க்காரி என்று திட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

அம்மா இரண்டு தடவை படித்தாள். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"இது யாரு வீட்டுப் பொண்ணு?"

"தெரியாது. நான் போட்டதை நம்பின பொண்ணு."

"சின்னண்ணனைக் கூப்பிடு" என்றாள் அம்மா. "அதுவும் பக்கத்துல இருக்கட்டும். நீயே சொல்லு, நான் உக்காந்திருக்கேன்."

சின்ன மாமா வந்தார். விஷயம் முழுதும் தெரிந்ததும் அவருக்குக் காலையில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "நான் ஒரு ஓட்டவாய்" என்று இரண்டு முறை சொன்னார். யாரும் மறுக்கவில்லை.

போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து வைத்து மூன்று பேரும் அதன் முன்னே உட்கார்ந்தார்கள். திரையில் பெரிய மாமா வந்தார். தலை முழுக்க வெள்ளை. அரைக்கைச் சட்டை.

"என்னண்ணா, அங்க குளிர்காலமாச்சே, ஸ்வெட்டர் போடலையா?" என்று சின்ன மாமா கேட்டுவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"எங்கடா குளிரு. இந்த வருஷம் பேருக்குக்கூடப் பனி விழல. முன்னெல்லாம் கதவைத் திறக்க முடியாது, மண்வெட்டி வெச்சுத் தள்ளிட்டுத்தான் வேலைக்குப் போவோம். என்ன, மூணு பேரும் பரீட்சை எழுத வந்த மாதிரி உக்காந்திருக்கீங்க?"

வானொலி சொன்னாள். சுற்றி வளைக்காமல் சொன்னாள். வெயில், ஸ்டூடியோக்காரர், கையைக் கட்டச் சொன்னது, வருஷா வருஷம் நின்றது, பெட்டிக்குள் போனது. சைக்கிளையும் பொம்மையையும் மட்டும் விட்டுவிட்டாள். அவளுக்கும் கொஞ்சம் ஈரம் உண்டு.

பெரிய மாமா அசையவில்லை. படம் நின்றுவிட்டதோ என்று அம்மா போனைத் தொடப் போனாள்.

"ஒரு தடவைகூடப் போட்டுக்கலையா?" என்றார்.

"போட்டோவுக்குப் போட்டோம்ணா" என்றார் சின்ன மாமா மெதுவாக.

"அப்பாவும் சொல்லலையே."

"நீங்க சந்தோஷமா இருக்கணும்னுதான்."

பெரிய மாமா கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். திரும்ப எடுத்து மாட்டிக்கொண்டார். அவர் பின்னால் சுவரில் அந்தப் படத்தின் இன்னொரு பிரதி, சட்டம் போட்டு மாட்டியிருந்தது. எல்லாரும் அதைப் பார்க்காமல் பார்த்தார்கள்.

"வானொலி, இப்ப நீ என்ன பண்ணப் போற?"

"திருத்தி எழுதணும் மாமா. நீங்க வேண்டாம்னு சொன்னா..." என்று ஆரம்பித்தவள் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

"போடு. ஒட்டினதை நான் போய்க் கிழிச்சுக்கறேன். நாலு பேர் என்னைப் பாத்துச் சிரிச்சா என் வயசுக்கு ஒண்ணும் குறைஞ்சிடாது. உன் வயசுல பொய்க்காரின்னு பேர் எடுத்தா அது ரொம்ப நாள் கூட வரும்."

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

வானொலி எழுதினாள். 'நான் தப்பாப் போட்டுட்டேன். இந்தப் படம் எடுத்தது நல்ல வெயில்ல. தூரத்துல இருந்த அண்ணனுக்கு அனுப்பறதுக்காக ஸ்வெட்டர் போட்டு நின்னாங்க. நான் விசாரிக்காம எழுதினது என் தப்பு, எங்க அம்மா மேல தப்பில்ல. ஆனா இந்த ஊர்ல இராத்திரி முன்ன மாதிரி குளிர்றதில்லைங்கறது நிஜம். அதுக்கு போட்டோ இல்ல, நாப்பது வருஷக் கணக்கு இருக்கு. கீழ போட்டிருக்கேன், பாருங்க.' கடைசியில் பாசத்தைப் பற்றி ஒரு வரி எழுதி, அதை அழித்தாள். போன வாரம் அப்படிப்பட்ட ஒரு வரிதான் மாட்டிவிட்டது.

அனுப்பினாள். கண்காட்சிக்காரர்களுக்கும், அந்தப் படம் வேண்டாம் என்று எழுதினாள். அதை எழுதும்போது மட்டும் கை கொஞ்சம் தயங்கியது. மேடைக்கு என்று ஒரு சட்டையை அவள் ஏற்கெனவே தேய்த்து மாட்டி வைத்திருந்தாள்.

"ஆச்சா?" என்றார் பெரிய மாமா.

"ஆச்சு மாமா."

"அப்ப நான் ஒண்ணு சொல்லலாமா? எல்லாரும் என்னை ஒரு விவரம் கெட்டவன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. நானும் அந்த ஊர்ல பொறந்து வளந்தவன்தானே. அங்க வெயில் எப்படின்னு எனக்குத் தெரியாதா? போயும் போயும் அங்க ஸ்வெட்டர் அனுப்புவேனா?"

மூன்று பேருக்கும் இது உறைத்தது. நாற்பது வருஷமாக யாரும் கேட்டுக்கொள்ளாத கேள்வி அது.

"நான் ஊரை விட்டுக் கிளம்பினது விடியக்காலை ரயில்ல. ஸ்டேஷனுக்கு எல்லாரும் வந்தீங்க. பாப்பா அப்பா விரலைப் பிடிச்சுக்கிட்டு நின்னா. பாத்தா, உடம்பெல்லாம் நடுங்குது. தாடை நடுங்குது. கையைப் பிடிச்சேன், கையும் நடுங்குது. மெல்லிசா ஒரு கவுன் போட்டிருந்தா. ரயில் நகர்ற வரைக்கும் அந்த நடுக்கம் நிக்கவே இல்ல. அங்க போயும் எனக்கு அதேதான் கண்ணுல. குளிர்ல குழந்தையை அப்படி விட்டுட்டு வந்துட்டோமேன்னு. கையில முதல் சம்பளம் வந்ததும் நேரா துணிக்கடைக்குத்தான் போனேன்."

வானொலி நிமிர்ந்து உட்கார்ந்தாள். விடியற்காலைக் குளிர். இராத்திரியும் விடியற்காலையும்தான் மாறியிருக்கிறது என்று பதிவுகள் சொல்கின்றன. அந்தக் குளிரைக் கண்ணால் பார்த்த சாட்சி இதோ திரையில் இருக்கிறார். அவள் எழுதிய முதல் வரி பொய்யே இல்லையோ? அவள் கை தானாகப் போனுக்குப் போயிற்று. திருத்தத்தை எடுத்துவிடலாம். கண்காட்சிக்கு எழுதின பதிலையும் மாற்றிவிடலாம். பெரிய மாமாவே பேசட்டும்.

"அப்ப குளிர் இருந்துச்சா மாமா? நீங்களே பாத்தீங்களா?"

"பாத்தேனே. என் கண்ணால."

"அம்மா, அப்ப நான் போட்டதை எடுத்துடறேன். மாமா சொல்றதை..."

"எடுக்காத" என்றாள் அம்மா.

அவள் மகளைப் பார்க்கவில்லை. திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"குளிர் இல்லண்ணா."

"என்ன பாப்பா, நான்தான் உன் கையைப் பிடிச்சேனே."

"நடுங்கினேன். அது எனக்கு ஞாபகம் இருக்கு. அதை யாரும் போட்டோ எடுக்கல, எனக்குத் தானாவே ஞாபகம் இருக்கு. ஆனா குளிர்ல இல்ல." அம்மா போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் அழக் கூடாதுன்னு சொல்லியிருந்தாங்க. நான் அழுதா நீங்க போக மாட்டீங்களாம். அதான் பல்லைக் கடிச்சுக்கிட்டு அடக்கினேன். ரயில் போற வரைக்கும் அடக்கினேன்ணா."

வானொலி கையை மெதுவாகப் பின்னால் எடுத்துக்கொண்டாள்.

"நீ அழுதிருந்தா நான் போயிருக்க மாட்டேன்" என்றார் பெரிய மாமா. நாற்பது வருஷத்தையும் ஒரு வாக்கியத்தில் வைத்துப் பார்ப்பவர் போல அதை நிதானமாகச் சொன்னார். "யாரும்மா உன்னை அழக் கூடாதுன்னு சொன்னது? அப்பாவா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

சின்ன மாமா நாற்காலியை விட்டு எழுந்தார். பதினோரு வயசில் பச்சை ஸ்வெட்டரில் நின்ற அதே பக்கத்தில், தங்கைக்கு அருகில் நின்றார்.

"அப்பா இல்லண்ணா" என்றார். "நான்."